ஈயக்குட்டையில் பீக்காக் பாஸ்: விடிவதற்கு முன்னே போய் வெறுங்கையோடு வருவது ஏன்?

மலேசியாவில் பூச்சோங்கில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "அமெரிக்காவில் கோடைக்காலத்தில் தெளிந்த, ஆழமான ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பது எப்படி என்று நிறைய வீடியோ பார்த்தேன். விடிவதற்கு முன் போ, வெயில் ஏறினால் ஆழத்தில் போடு என்கிறார்கள். அப்படியே டிங்கில் பக்கம் ஓர் ஈயக்குட்டையில் (பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிய குட்டை) நாலு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை போட்டுப் பார்த்தேன். ஆழம் போகும் கெவாங் (செயற்கை இரை) வாங்க மட்டும் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவு. கிடைத்தது உள்ளங்கை அளவில் ஒரே ஒரு பிபி (பீக்காக் பாஸ்). தவறு எங்கே? மீன் காட்டும் கருவி வாங்கினால் உதவுமா?"

தம்பி, மீன் எழுந்து பசியாற வரும் நேரத்தில் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். பெரிய தவறு இதுதான். இரண்டாவது தவறு, மீன் இல்லாத ஆழத்தில் தேடுவது. இரண்டுமே அந்த வீடியோக்களிலிருந்து வந்தவை. வீடியோ போட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது வேறு மீன், வேறு தண்ணீர்.

பெயரில் பாஸ் இருந்தாலும் நாம் பிடிக்கும் பீக்காக் பாஸ் அந்தக் குடும்பமே இல்லை. வாலில் மயில் தோகைக் கண்போல ஒரு வட்டம் இருப்பதால் வந்த பெயர். அமேசான், ஓரினோகோ ஆற்றுப் பக்கத்து மீன் இது. சொந்தம் பார்த்தால் நம் குட்டைகளில் நிறைந்து கிடக்கும் திலாப்பியாவுக்குத்தான் உறவு. அமெரிக்கர்கள் கோடையில் தேடுவது லார்ஜ்மவுத் பாஸ். அதற்கு மங்கிய வெளிச்சத்தில் வேட்டையாடுவது சுலபம். அதனால்தான் கோடையில் விடியற்காலை, அந்தி, சில ஏரிகளில் நடு இரவு என்று அங்கே நேரம் குறிக்கிறார்கள். பீக்காக் பாஸ் முழுக்க முழுக்கக் கண்ணை நம்பும் மீன். இரவில் அசையாமல் ஓரிடத்தில் கிடக்கும். வெளிச்சம் வந்த பிறகுதான் அதற்குப் பொழுது விடியும்.

கோலாலம்பூரில் சூரியன் எழுவதே ஏழு மணி வாக்கில்தான். குட்டையைச் சுற்றி உயரமான கரையும் மரமும் இருந்தால் தண்ணீருக்குள் வெயில் இறங்க எட்டு, எட்டரை ஆகிவிடும். என் அனுபவத்தில் எட்டரையிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். அப்புறம் மூன்றரைக்கு மேல் ஒரு சுற்று, அதுவும் மழை விட்டால்தான். உச்சி வெயிலில்கூட நான் பிடித்திருக்கிறேன். நமக்குத்தான் தாங்காது. ஆறு மணிக்கு நீங்கள் போட்டபோது பெரிய மீன்கள் தூங்கிக்கொண்டிருந்தன என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மீனுக்கு வெயிலும் சூடும் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ஃபுளோரிடா நல்ல சாட்சி. 1984ல் மயாமி பக்கத்துக் கால்வாய்களில் அரசே இதைக் கொண்டுவந்து விட்டது. அங்கே ஏற்கெனவே பெருகியிருந்த அயல் மீன்களைத் தின்னட்டும், தூண்டில்காரர்களுக்கும் விளையாட்டாக இருக்கட்டும் என்று. தெற்கு மூலையைத் தாண்டி அது வடக்கே பரவவில்லை. தண்ணீர் 15, 16 டிகிரிக்குக் கீழே போனால் செத்துவிடும். நம் குட்டைகளில் வருடம் முழுக்க மேல் தண்ணீர் 28லிருந்து 31 டிகிரி. சொர்க்கம்தான் அதற்கு.

ஆகவே "கோடைக்கால உத்தி" என்பதில் கோடை என்ற பாதியை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. "தெளிந்த, ஆழமான" என்ற மற்ற பாதி மட்டும் இங்கே பொருந்தும். அதையும் பாதி திருத்தித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆழம். குளிர் நாட்டு ஏரியில் கோடை வந்ததும் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே சூடான, லேசான நீர். கீழே குளிர்ந்த, கனமான நீர். இரண்டுக்கும் நடுவில் வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு மெல்லிய பட்டை, தெர்மோக்ளைன் என்பார்கள். தெளிந்த ஏரியில் வெளிச்சம் ஆழம்வரை போவதால் அந்தப் பட்டையும் ஆழத்தில் இருக்கும், அதுவரைக்கும் ஆக்சிஜனும் இருக்கும். பகலில் கூசும் வெளிச்சத்திலிருந்து விலகி, இரை மீன் கூட்டத்தின் பின்னாலேயே பாஸ் அங்கே இறங்கி நிற்கும். அதனால்தான் அவர்கள் கருவி வைத்து ஏழு மீட்டர், பத்து மீட்டர் என்று தேடி, டிராப் ஷாட்டை (நூல் நுனியில் குண்டு, அதற்கு மேலே முள்) நேராக இறக்குகிறார்கள். அந்த இடத்துக்கு அது சரியான வேலை.

நம் குட்டையிலும் அடுக்கு உண்டு. மேலும் கீழும் இரண்டு மூன்று டிகிரிதானே வித்தியாசம், அது எப்படி என்று கேட்கலாம். சூடான தண்ணீரில் சின்ன வித்தியாசமே போதும். 29 டிகிரிக்கும் 30க்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம், 10க்கும் 11க்கும் உள்ளதைவிடச் சுமார் மூன்று மடங்கு. குழிபோன்ற, காற்று படாத குட்டையில் மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் மாதக் கணக்கில் கலக்காமல் கிடக்கும். அடியில் விழுந்த இலையும் சேறும் அழுகி அங்கிருந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும். சூடான தண்ணீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜனும் குறைவு. 15 டிகிரியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். இத்தனைக்கும் மேலே, குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போக வேண்டிய தேவையே பீக்காக் பாஸுக்கு இல்லை. அதனால் உங்கள் கெவாங் ஐந்தாறு மீட்டரில் போகும்போது மூச்சுவிட முடியாத தண்ணீரில் ஆள் தேடுகிறீர்கள் என்று அர்த்தம்.

எவ்வளவு ஆழம் வரை உயிர் இருக்கிறது என்று பார்க்க ஒரு மலிவான வழி சொல்கிறேன். மைலோ டின் மூடியில் வெள்ளைச் சாயம் அடித்து, நடுவில் துளை போட்டு, ஈயக்குண்டோடு கயிற்றில் கட்டி இறக்குங்கள். மூடி கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதன் இரண்டு, இரண்டரை மடங்கு வரைதான் பாசி வளரும் அளவுக்கு வெளிச்சம் இறங்கும். மூடி இரண்டு மீட்டரில் மறைந்தால் நாலைந்து மீட்டருக்குக் கீழே போய் மெனக்கெட வேண்டாம். மீன் காட்டும் கருவி பற்றிக் கேட்டீர்கள். கரையிலிருந்து போடுபவருக்கு இந்த மூடி போதும், பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குட்டையைப் படிப்பது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இவை இயற்கை ஏரிகள் இல்லை. மனிதன் தோண்டிய பள்ளங்கள். எப்படித் தோண்டினார்கள் என்று தெரிந்தால் தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கரையில் நின்றே சொல்லிவிடலாம்.

எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்து எல்லையைத் தாண்டினால் லம்பம், அதாவது ஈயச் சுரங்கம். பெரிய குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி மண்சுவரை இடிப்பார்கள். கரைந்த மண் ஒரு பள்ளத்துக்கு ஓடிவரும். அங்கிருந்து பம்பு அதை உறிஞ்சி, மரக்கால்கள்மேல் சாய்வாக நிற்கும் பாலோங் என்ற நீண்ட வாய்க்காலில் ஏற்றும். கனமான ஈய மண் அதில் தங்கிவிடும், மணலும் சேறும் வழிந்து வெளியே போகும். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை விழுந்ததும் ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். பம்பு நின்றதும் மழைநீரும் ஊற்றும் பள்ளத்தை நிரப்பின. உங்கள் குட்டை அப்படிப் பிறந்ததுதான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தண்ணீர் பீய்ச்சி இடித்த பக்கம் செங்குத்தான சுவர், கரையிலிருந்து ஓர் அடி தள்ளினால் ஆழம். பம்பு இருந்த இடம்தான் குட்டையிலேயே ஆழமான புள்ளி. கழிவு மணல் வழிந்த பக்கம் விசிறிபோல மெல்லச் சரியும். வெள்ளை மணல் கரை, அங்கங்கே கோரை, கரையோரம் கொக்கு நிற்கும் இடம் என்றால் பெரும்பாலும் அதுதான். குஞ்சுத் திலாப்பியாக்கள் அங்கே மேயும். அந்த மணல் சரிவு முடிந்து திடீரென்று ஆழம் விழும் விளிம்பு இருக்கிறதே, தண்ணீர் பச்சை மாறிக் கருநீலமாகத் தெரியும் கோடு, அங்கேதான் பீக்காக் பாஸ் சுற்றும். மேலே ஏறித் தின்னும், பயந்தால் ஆழத்துக்கு வழுக்கும். இன்னொரு விஷயம்: கோலாலம்பூர், சுங்கை பீசி, செர்டாங் வட்டாரத்தில் அடியில் சுண்ணாம்புக்கல். மண்ணைக் கழுவி எடுத்த இடங்களில் கல் ஊசி ஊசியாக நிற்கும். தெளிந்த குட்டையில் நண்பகல் வெயிலில் அவை வெளிறிய நிழலாகத் தெரியும். அப்படி ஒரு கல்முனை இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் தெரிந்தால் நான் அரைமணி நேரம் அதை விடமாட்டேன்.

ஈயக்கப்பல் (தண்ணீரில் மிதந்தபடி ஈய மண்ணைத் தோண்டும் இயந்திரம்) தோண்டிய குட்டைகள் வேறு மாதிரி. பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். கப்பல் முன்னால் தோண்டிக்கொண்டே பின்னால் கழிவைக் கொட்டிப் போகும். அதனால் அடித்தளம் மேடும் பள்ளமுமாகக் கப்பல் போன வழியிலேயே கிடக்கும். கரையிலிருந்து படிப்பது கஷ்டம். கயாக் இருந்தால் நல்லது. உங்கள் குட்டை முதல் வகை என்றே நினைக்கிறேன்.

தெளிந்த தண்ணீரில் மீன் நம்மைப் பார்ப்பதுதான் அடுத்த சிக்கல். அமெரிக்கப் பாடம் இங்கே அப்படியே செல்லும். போலராய்டு கண்ணாடி (தண்ணீர்மேல் பளபளப்பை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி) கட்டாயம், அது இல்லாமல் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவது மாதிரி. கரை நுனியில் போய் நிற்காதீர்கள். முதல் வீச்சை நாலடி பின்னால் நின்றபடி, கரையை ஒட்டி நீளவாக்கில் போடுங்கள். நாம் எப்போதும் நடுக்குட்டையைப் பார்த்தே எறிகிறோம், மீன் நம் காலடியில் நிற்கிறது. உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கம் நில்லுங்கள். மஞ்சள் ஜெர்சி, சிவப்புத் தொப்பியெல்லாம் பந்து விளையாட்டுக்கு.

சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. லேசான தூண்டில் கோல், 2000 அளவு ரீல், 10 அல்லது 15 பவுண்டு பின்னல் நூல். நுனியில் ஃபுளோரோகார்பன் நூல் இரண்டு பாகம் (இரு கையையும் விரித்த அளவு ஒரு பாகம்) நீளம், 16 பவுண்டு. ஒளி தண்ணீரில் வளைவதற்கும் இந்த நூலில் வளைவதற்கும் வித்தியாசம் குறைவு (தண்ணீர் 1.33, இது 1.42), அதனால் நைலானைவிட மங்கலாகத் தெரியும். முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரிந்தால் விலை உயர்ந்த ரீல் தேவையில்லை.

கெவாங் சின்னதாக இருக்கட்டும், ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர். அந்தக் குட்டையில் உள்ள குஞ்சு மீன் அளவும் நிறமும்தான் அளவுகோல். வெள்ளி, வெளிர்பச்சை, முதுகு கறுப்பு. ஐந்து ஏழு கிராம் ஜிக் (தலையில் குண்டு வைத்த முள்) ஒன்று, மெல்ல மூழ்கும் மின்னோ (சிறுமீன் வடிவக் கெவாங்) ஒன்று, ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகத் தகடு) ஒன்று இருந்தால் ஒரு நாள் ஓட்டலாம். ஜிக்கை விளிம்பைத் தாண்டி எறிந்து, நூல் தளரும்வரை எண்ணுங்கள். எட்டு எண்ணும்போது தரை தட்டுகிறது என்றால் அடுத்த முறை ஐந்தில் இழுக்கத் தொடங்குங்கள், அப்புறம் மூன்றில். எந்த எண்ணில் அடிக்கிறதோ அன்று முழுக்க அதே எண். கருவி செய்யும் வேலையை விரல் செய்துவிடும்.

இழுக்கும் வேகம் பற்றி ஒரு பிடிவாதமான கருத்து எனக்கு உண்டு. புதியவர்கள் எல்லோரும் மெதுவாக இழுக்கிறார்கள். மீன் பின்னாலேயே வந்து, பார்த்து, திரும்பிப் போகிறது. உடனே இன்னும் மெதுவாக்குகிறார்கள். தெளிந்த தண்ணீரில் மெதுவாகப் போகும் பொய் இரையை மீன் நிதானமாகச் சோதித்துவிடும். துரத்திவரும் மீனைப் பார்த்தால் வேகத்தைக் கூட்டுங்கள். தப்பி ஓடும் ஒன்றைக் கண்டால் அதற்கு யோசிக்க நேரமில்லை. அதுவும் பலிக்காவிட்டால் சட்டென்று நிறுத்தி விழவிடுங்கள். பெரும்பாலும் விழும்போதுதான் அடிக்கும். ஒரு மீன் மாட்டினால் அதன் பின்னால் இன்னும் இரண்டு மூன்று வரும். நண்பர் பக்கத்தில் இருந்தால் உடனே அவரையும் எறியச் சொல்லுங்கள்.

லார்ஜ்மவுத் கதைக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன், சுவையான செய்தி என்பதால். உலகச் சாதனை மீன்கள் இரண்டு. ஒன்று 1932 ஜூன் மாதம் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. மற்றது 2009 ஜூலையில் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரித்தா பிடித்தது. இரண்டும் பத்து கிலோவைத் தாண்டியவை, இரண்டும் கோடையில். பிவா ஏரியின் அதிகபட்ச ஆழம் 100 மீட்டருக்கு மேல். ஆனால் குரித்தா மீனைப் பிடித்தது ஒரு பாலத்துத் தூண் ஓரத்தில், உயிர் மீனை இரையாக வைத்து. ஏரி எவ்வளவு ஆழம் என்பது வேறு, மீன் எங்கே நிற்கிறது என்பது வேறு.

பிடித்த பிபியை என்ன செய்வது என்றும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இது நம் மண்ணின் மீன் இல்லை. வந்த இடத்தில் உள்ளூர்ச் சிறுமீன்களைத் துடைத்துவிடுகிறது. விளையாட்டுக்காகப் பிடித்துத் திரும்ப விடும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு, அவர்களோடு இதில் எனக்கு ஒத்துப்போவதில்லை. நான் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். வெள்ளைச் சதை, முள் குறைவு, புளி கரைத்த குழம்புக்கும் பொரியலுக்கும் அருமை. பட்டறைக் கழிவு ஓடிவரும் குட்டை மீனை மட்டும் தொடாதீர்கள். உயிரோடு வாளியில் எடுத்துப்போய் இன்னொரு குட்டையிலோ ஆற்றிலோ விடும் வேலையை யாரும் செய்யக் கூடாது. இவ்வளவு குட்டைகளில் அது பரவியதே அப்படித்தான். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தண்ணீரில் கொதிப்பதுபோல் மேலே வந்தால் அது தோமான், விரால் இனத்துப் பெரிய மீன். நம் ஊர் மீன். தாய் தகப்பன் கீழே காவல் இருக்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் சீக்கிரமே மற்ற மீன்களுக்கு இரை. அங்கே எறியாமல் நகர்ந்துவிடுங்கள்.

குடிநீர் அணைகளுக்குள் தூண்டிலோடு நுழைய வேண்டாம், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். ஈயக்குட்டைகளிலும் பல தனியார் நிலம். பலகை இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள்.

அந்த 200 வெள்ளிக் கெவாங்கை விற்றுவிடாதீர்கள். பேராக் மாநிலத்தில் கிரிக் பக்கம் தெமெங்கோர் ஏரிக்கு ஒருநாள் போவீர்கள். ஆற்றை மறித்து உண்டான அந்தப் பெரிய தண்ணீரில் மூழ்கிய மரங்களின் ஓரம் தோமானுக்கும் செபாரா என்ற ஆற்று மீனுக்கும் அவை வேலை செய்யும். அதன் வடபகுதியான ராயல் பெலும் பூங்காவுக்குள் போக அனுமதிச் சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

கடைசியாக உயிர் விஷயம். எனக்கு இருபத்திரண்டு வயதில், இப்படி ஒரு குட்டையில் காய்ந்து வெடித்துக் கிடந்த வெள்ளைத் தரைமேல் நடந்தேன். மேல் ஓடு உடைந்து நெஞ்சுவரை சேற்றில் இறங்கிவிட்டேன். காலை உதைக்க உதைக்க இன்னும் இழுத்தது. கூட வந்தவன் மூங்கில் ஒன்றை வெட்டி நீட்டி, குப்புறப் படுத்துக்கொண்டு இழுத்து எடுத்தான். கழிவுச் சேறு படிந்த இடம் அது, மேலே பார்த்தால் திடல் மாதிரி இருக்கும். செங்குத்துக் கரையும் அப்படித்தான், மழைக்குப் பிறகு மணல் ஒரு பாளமாகச் சரியும். தனியாகப் போகாதீர்கள். மாட்டிக்கொண்ட கெவாங்கை எடுக்கத் தண்ணீரில் இறங்கவே கூடாது, நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மழை ஏறக்குறைய தினமும் வரும். நம் கையில் இருப்பது மின்சாரம் கடத்தும் கார்பன் கோல், நிற்பது வெட்டவெளியில். முதல் இடிச் சத்தம் கேட்டதும் கோலைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்காருங்கள். மீன் அடித்துக்கொண்டிருந்தாலும்தான்.

அடுத்த ஞாயிறு அவசரப்படாமல் வீட்டில் பசியாறிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புங்கள். மணல் சரிவுப் பக்கம் தொடங்கி, தண்ணீர் நிறம் மாறும் கோட்டை ஒட்டி நடந்துகொண்டே எறியுங்கள். பதினொரு மணிவரை ஒன்றும் அடிக்கவில்லை என்றால் குட்டையை மாற்றுங்கள். ரவாங் பக்கம் நான் போகும் ஒன்று இருக்கிறது, அதைப் பொதுவில் எழுத மாட்டேன்.